டயாலிசிஸ் ஆரம்பித்தாயிற்று, இனி என்ன? எட்டு வருடமாகப் படுத்து எழுகிறவன் எழுதும் முழு வழிகாட்டி

குடியாத்தத்தில் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. வாரத்துக்கு ஒருவராவது ஆஸ்பத்திரிக் கட்டோடு வந்து நிற்பார். கட்டைப் பிரிக்கும்போதே தெரிந்துவிடும். கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவு) 8, 9 என்று ஒரு ரிப்போர்ட், கூடவே ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார். "எல்லாத்துலயும் ரெண்டு காப்பி போடுங்கண்ணா" என்பார்கள். நான் சட்டைக் கையை மேலே ஏற்றி, இடது முழங்கைப் பக்கம் கயிறு மாதிரி புடைத்திருக்கும் நரம்பைக் காட்டுவேன். காப்பி எடுத்து முடிந்த பிறகும் அரை மணி நேரம் நகரமாட்டார்கள். அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

செவ்வாய், வியாழன், சனி என் முறை. ஒரு தடவைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 12. வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம் இருக்கிறது. நல்ல கிட்னி அத்தனை மணி நேரமும் வேலை செய்யும். மெஷின் 12 மணி நேரம்தான் செய்யும். மிச்சம் 156 மணி நேரம் நாம் என்ன குடித்தோம், என்ன தின்றோம், கையை எப்படி வைத்துக்கொண்டோம் என்பதுதான் அடுத்த முறை மெஷினில் ஏறும்போது தராசில் தெரியும். இது எனக்கு மண்டையில் ஏறுவதற்குள் ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடிய அனுபவம் இரண்டு வந்துவிட்டது.

கீழே வரும் அளவுகள் பொதுவானவை. உங்களுக்கான அளவை உங்கள் நெஃப்ராலஜி (கிட்னி) டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் கை

எல்லோரும் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது கையைப் பற்றி. நிமிடத்துக்கு 250 முதல் 350 மில்லி ரத்தம் வெளியே வந்து, சுத்தமாகி, உள்ளே திரும்ப வேண்டும். சாதாரண நரம்பு அந்த வேகத்தைத் தாங்காது. அதனால் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைக்கிறார்கள். அதுதான் ஃபிஸ்டுலா. தமனியின் அழுத்தம் சிரைக்குள் பாய்ந்து, அது மெல்லப் பருத்து, ஊசி தாங்குகிற பதத்துக்கு வர 6 வாரத்திலிருந்து 3 மாதம் வரை ஆகும்.

இந்தக் கணக்கில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "டயாலிசிஸ் வந்தா பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு, ஒரு நாள் மூச்சு வாங்கி ஓடும்போது கழுத்தில் லைன் என்கிற குழாயைப் போட்டு உடனே ஆரம்பிக்க வேண்டியதாகிறது. கழுத்து லைன் அவசரத்துக்குத்தான். அது நேராகப் பெரிய ரத்தக் குழாய்க்குள் போகிறது, கிருமி நுழைந்தால் ரத்தத்தில்தான் கலக்கும். லைன் போட்டவர்கள் அதை நனைக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, டயாலிசிஸ் யூனிட்டில் வேலை செய்கிறவர்களைத் தவிர வேறு யாரையும் அதில் மருந்து ஏற்ற விடக் கூடாது. மெஷினில் இருக்கும்போது உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுக் குளிர்காய்ச்சல் வந்தால் போர்வை கேட்டுவிட்டுச் சும்மா படுத்திருக்காதீர்கள். அப்போதே நர்ஸிடம் சொல்லுங்கள்.

ஆகவே கிட்னி பாதிக்குமேல் போய்விட்டது என்று சொன்ன நாளிலிருந்தே எழுதாத கையைத் தொட விடாதீர்கள். ரத்தம் எடுக்க வருகிறவரிடம் புறங்கையை நீட்டுங்கள். ஃபிஸ்டுலா போட்ட பிறகு அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, டிரிப்ஸ் ஏற்றக் கூடாது, வாட்ச் இறுக்கமாகக் கட்டக் கூடாது, தண்ணீர்க் குடம், காய்கறிப் பை மாட்டக் கூடாது, தலைக்கு அடியில் மடித்து வைத்துத் தூங்கக் கூடாது. என் முதல் ஃபிஸ்டுலா மணிக்கட்டில் இருந்தது. காய்ச்சல் என்று ஒரு கிளினிக்குக்குப் போனபோது அந்தக் கையிலேயே டிரிப்ஸ் ஏற்றினார்கள். சொல்லக் கூச்சப்பட்டு நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் ஃபிஸ்டுலா அடைத்து, செத்துக் கிடந்தது. இப்போது இருப்பது இரண்டாவது. இது போனால் அடுத்த கைக்குப் போக வேண்டும், கை இரண்டுதான்.

ஃபிஸ்டுலா உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். தைத்த இடத்தின் மேல் விரலை வைத்தால் ஒரு அதிர்வு தெரியும். ஜெராக்ஸ் மெஷின் ஓடும்போது மேஜையில் கை வைத்தால் வருமே, அதே மாதிரி. காதில் வைத்தால் "உஸ்… உஸ்…" என்று கேட்கும். காலையில் பல் தேய்க்கும் முன், இரவில் படுக்கும் முன், இரண்டு வேளையும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு இல்லையென்றால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அன்றே, சில மணி நேரத்துக்குள் போனால் அடைப்பை எடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

ஊசி போடும் முன் அந்தக் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊசி குத்தும் இடத்தை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளி மாற்றச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் வலி குறைவுதான், அதனால்தான் நாமே "அங்கயே போடுங்க" என்கிறோம். ஆனால் அந்த இடம் பலூன் மாதிரி ஊதிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் கசிந்தால் துண்டைச் சுற்றிக் கட்டாதீர்கள். பஞ்சை வைத்து, கசியும் புள்ளியில் மட்டும் இரண்டு விரலால் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், கையைத் தூக்கிப் பிடியுங்கள். பீறிட்டால், அல்லது 15 நிமிடத்தில் நிற்காவிட்டால், அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

படி 2: தராசு

டயாலிசிஸ் யூனிட்டில் யாரும் முதலில் நலம் விசாரிப்பதில்லை. "எவ்வளவு ஏறியிருக்கு?" என்பதுதான் வணக்கம். என் பக்கத்துப் படுக்கையில் ரொம்ப நாளாக ஒரு வங்காளத்துக்காரர் இருந்தார். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, லாட்ஜ் அறையில் தங்கி வைத்தியம் பார்த்தவர். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு வங்காளம் வராது. எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரே சொல் "வெயிட்".

உடம்பில் கூடுதல் தண்ணீரே இல்லாமல், கால் வீங்காமல், மூச்சு வாங்காமல், பி.பி. சீராக இருக்கும்போது உள்ள எடைதான் ட்ரை வெயிட். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் அதற்கு மேல் ஏறுவது பெரும்பாலும் தண்ணீர். ஒரு கிலோ ஏறினால் ஒரு லிட்டர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

மெஷின் எவ்வளவு வேண்டுமானாலும் உறிஞ்சும், உடம்புதான் தாங்காது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுத்தால் இதயத்துக்குக் கெடுதல் என்பது பரவலாகப் பின்பற்றும் வரம்பு. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 780 மில்லி. 4 மணி நேரத்துக்கு 3 லிட்டர் சொச்சம். நாலரைக் கிலோ ஏற்றிக்கொண்டு போய்ப் படுத்தால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், கண் இருட்டும், கடைசியில் பாதித் தண்ணீரை உள்ளேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். இடைவேளையில் இரண்டு, இரண்டரைக் கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளப் பாருங்கள்.

வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்கி வையுங்கள். காலையில் கழிவறை போய் வந்ததும், வெறும் வயிற்றில், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். நான் நாள்காட்டித் தாளில் தேதிக்குப் பக்கத்தில் குறிக்கிறேன்.

இன்னொரு விஷயம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. ட்ரை வெயிட் கல்லில் எழுதியது இல்லை. நாலு நாள் காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தால் சதை ஒரு கிலோ குறையும், அந்த இடத்தில் தண்ணீர் நிரம்பும், தராசு அதே எண்ணைக் காட்டும். எடை சரியாக இருக்கிறது, ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் இதுவாக இருக்கலாம். மாறாக நன்றாகச் சாப்பிட்டுச் சதை போட்டவருக்குப் பழைய எண்ணுக்கே இறக்கினால் ஒவ்வொரு முறையும் தசை இழுக்கும். மாதம் ஒருமுறை டாக்டரிடம் "ட்ரை வெயிட்டை மாத்தணுமா சார்?" என்று கேட்டுவிடுங்கள்.

படி 3: தண்ணீர்

கௌண்டன்ய ஆறும் பாலாறும் வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற சீமை இது. தண்ணீரைச் செம்புக் கணக்கில் செலவழிப்பது நமக்குப் புதிதில்லை. ஆனாலும் மே மாதம் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது தண்ணீரை எண்ணிக் குடிப்பது தனிக் கொடுமை.

கணக்கு இதுதான்: ஒரு நாளில் சிறுநீர் எவ்வளவு போகிறதோ அதோடு 500 மில்லி. சிறுநீரே போகாதவருக்குச் சாப்பாட்டில் இருக்கும் தண்ணீர் போக அரை லிட்டர், முக்கால் லிட்டருக்குள்தான். ஒரு நாள் முழுக்கச் சிறுநீரை அளவு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த எண் இல்லாமல் மற்ற எதுவும் கணக்காகாது. கடும் வெயிலில் வேலை செய்து வியர்வை கொட்டுகிறவர்கள் கொஞ்சம் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

காபி, மோர், ரசம், கஞ்சி, கூழ், ஐஸ்கிரீம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் இதில் சேர்த்தி. ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் ஒரு சொம்பு குடித்தால் அன்றைய பங்கு அதோடு முடிந்தது. மாத்திரைகளுக்குத்தான் யாரும் கணக்கு வைப்பதில்லை. எனக்கு ஒரு நாளைக்குப் பதினோரு மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் அரை டம்ளர் குடித்துக்கொண்டிருந்தேன். இப்போது சாப்பாட்டோடு சேர வேண்டியவற்றைச் சாதத்தோடே விழுங்கிப் பழகிவிட்டேன்.

என் வீட்டில் நடப்பது இது. காலையில் மனைவி ஒரு அரை லிட்டர் பாட்டிலை நிரப்பி எனக்கென்று வைத்துவிடுவாள். காபி குடித்தால் அந்த அளவுக்கு அவளே பாட்டிலிலிருந்து ஊற்றி எடுத்துவிடுவாள், கண் எதிரே. சண்டை போட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை. பெரிய டம்ளரை மாற்றி, குழந்தைகளுக்குப் பாயசம் கொடுக்கும் சின்ன டம்ளர் வைத்துக்கொண்டேன். பாதி டம்ளர் குடித்தாலும் ஒரு டம்ளர் குடித்த திருப்தி. பாட்டில் தண்ணீரில் கொஞ்சத்தை ஐஸ் கட்டியாக வைத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் பத்து நிமிடம் ஓடும். வாய் கொப்பளித்துத் துப்பலாம். ஒரு கிராம்பு அடக்கிக்கொள்ளலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு சுகர் ஏறினால் தாகம் அடங்கவே அடங்காது, முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. தாகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உண்மையில் உப்போடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன், 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, பாக்கெட் சிப்ஸ் வீட்டில் இருந்தால் கை போகும். இருக்கவே கூடாது. ஆம்பூரில் ஒரு கல்யாணம், பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும் இரண்டு முறை வாங்கினேன். சாயங்காலம் தொண்டை காய்ந்து, செம்பு செம்பாகக் குடித்தேன். ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது. ஆட்டோவில் கே.வி.குப்பம், லத்தேரி தாண்டி வேலூர் போய்ச் சேரும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே இருந்தேன். ஐந்து கிலோ ஏறியிருந்தது. ஆம்பூர் பிரியாணியை முழுசாக விடச் சொல்லவில்லை. டயாலிசிஸுக்கு முந்தின வேளையில், ஒரு கரண்டி, தொக்கு இல்லாமல், அவ்வளவுதான்.

வைகாசி முதல் தேதி எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசு திருவிழா. ஊரே தெருவில் நிற்கும், முக்குக்கு முக்கு நீர்மோர்ப் பந்தல். கையில் டம்ளரைத் திணிப்பார்கள், வேண்டாமென்றால் அம்மனுக்கே ஆகாத மாதிரி பார்ப்பார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைப் பக்கத்தில் இருக்கும் பையனிடம் கொடுத்துவிடுவேன்.

படி 4: சாப்பாடு

இங்கே ஒரு பெரிய குழப்பம். டயாலிசிஸுக்கு முன்பு "புரதத்தைக் குறை" என்று சொல்லியிருப்பார்கள். ஆரம்பித்த பிறகு அது தலைகீழ். மெஷின் கழிவோடு சேர்த்துப் புரதத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 60, 70 கிராம். பழைய தாளை வைத்துக்கொண்டு வெறும் கஞ்சியும் இட்லியுமாக ஓட்டுகிறவர்கள் ஆறே மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிடுகிறார்கள். முட்டை வெள்ளைக்கரு, மீன், கொஞ்சம் கோழி. சைவக்காரர்கள் பருப்பும் பனீரும் எவ்வளவு என்று உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பொட்டாசியம். தண்ணீர் ஏறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், அறிகுறி காட்டும். பொட்டாசியம் பெரும்பாலும் எதையும் காட்டாமல் ஏறி, இதயத் துடிப்பைக் கெடுத்து நிறுத்திவிடும். ரத்தத்தில் 5.5-க்குள் இருக்க வேண்டும், 6.5-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்லும் பொருள்கள்தான் நமக்கு ஆகாதவை. இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி ஜூஸ், மாம்பழம், பலா, சப்போட்டா, பேரீச்சை, முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு, தக்காளி அதிகம் சேர்த்த குழம்பு. பார்க்க வருகிற சொந்தக்காரர் இளநீரைச் சீவிக் கையில் கொடுத்து, "சூட்டைத் தணிக்கும், குடிப்பா" என்பார். அன்போடுதான் கொடுக்கிறார். வேண்டாம். நட்சத்திரப் பழம் என்று ஒன்று இருக்கிறது, அதை ஒரு துண்டுகூடத் தொடாதீர்கள். அதில் இருக்கும் ஒரு நச்சை வெளியேற்றக் கிட்னி வேண்டும், இல்லாவிட்டால் மூளையைத் தாக்கும். உப்புக்குப் பதிலாக விற்கும் "லோ சோடியம்" உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் சேர்க்கிறார்கள், அதுவும் கூடாது. இந்துப்பு நல்லது என்கிறார்களே என்று கேட்பீர்கள். அதுவும் கிட்டத்தட்ட முழுக்க அதே சோடியம் குளோரைடுதான்.

சாப்பிடக் கூடியது நிறைய இருக்கிறது: சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கோவைக்காய், சௌசௌ, கோஸ். கத்தரிக்காயும் உண்டு. புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு அதை விட எனக்கு மனசு வரவில்லை. பழத்தில் ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி, ஒரு நாளைக்குச் சின்னக் கிண்ணம் ஒன்று.

காய் சமைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தோல் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் போட்டு வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேக வைத்து, அதையும் வடித்துக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். சத்து போகிறதே என்று மாமியார்கள் புலம்புவார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் இப்படிச் செய்தால் பொட்டாசியம் ஒரு பங்குதான் குறையும், முழுசாகப் போகாது. வடித்த உருளைக்கிழங்கும் அளவோடுதான்.

பாஸ்பரஸ் மெதுவான எதிரி. பால், கோவா, நிலக்கடலை, முந்திரி, கறுப்பு கோலா பானங்கள், பாக்கெட்டில் அடைத்தவை. ஏறினால் உடம்பெல்லாம் அரிப்பு, நாளாக ஆக எலும்பு பலவீனமாகும், ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியும். ஆற்காடு மக்கன் பேடாவில் கோவா சேர்கிறது, தீபாவளிக்கு அரைத் துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதற்கென்று தரும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால்தான் வேலை செய்யும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போடுவதும் போடாமல் இருப்பதும் ஒன்றுதான்.

படி 5: அந்த நாலு மணி நேரம்

கிளம்பும் முன் லேசாகச் சாப்பிடுங்கள். மெஷினில் இருக்கும்போது வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தம் வயிற்றுப் பக்கம் போய் பி.பி. விழும். விழப்போவதை உடம்பு முன்கூட்டியே சொல்லும். கொட்டாவி மேல் கொட்டாவி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, குமட்டல். உடனே கூப்பிடுங்கள். அன்று காலை பி.பி. மாத்திரை போடலாமா, வந்து போடலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள், ஆளுக்கு ஆள் மாறும்.

நேரத்தைக் குறைக்காதீர்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, அரை மணி முன்னாடி எடுத்துவிடுங்க தம்பி" என்று கெஞ்சுகிறவர்களைப் பார்க்கிறேன், நானும் கெஞ்சியிருக்கிறேன். வாரத்துக்கு மூன்று அரை மணி என்றால் மாதத்துக்கு ஒன்றரை டயாலிசிஸ் காணாமல் போகிறது. செலவுக்குப் பயந்து மூன்றை இரண்டாக்குவது இன்னும் மோசம். சிறுநீர் நன்றாகப் போகிறவர்களுக்கு மட்டும் டாக்டரே சில காலம் இரண்டு போதும் என்று சொல்லலாம்.

வாரக் கடைசியில் வரும் இரண்டு நாள் இடைவெளிதான் ஆபத்தானது. என் முறைக்குச் சனி விட்டால் செவ்வாய். ஞாயிறன்று விருந்து, திங்கள் ராத்திரி மூச்சுத் திணறல் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு எங்களுக்குச் சனிக்கிழமை மதியம்.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி கௌண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது பாதி ஊருக்குப் பாதை இல்லை. அப்போது ஒரு முறை எனக்குத் தவறியது. அந்த இரண்டு நாளும் தண்ணீரைப் பாதியாக்கி, பழம், காய் எல்லாவற்றையும் நிறுத்தி, உப்பில்லாத சாதத்தில் தயிர் இரண்டு கரண்டி விட்டு ஓட்டினேன். மழைக்காலத்துக்கு முன்பே இப்படி ஒரு ஏற்பாட்டை டாக்டரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

படி 6: மாத்திரை, ஊசி, ரிப்போர்ட்

ரத்தம் ஊறுவதற்கான ஹார்மோனையும் கிட்னிதான் சுரக்கிறது. அது நின்றுபோனதால் ரத்தசோகை வரும். எரித்ரோபொய்ட்டின் ஊசியும் இரும்புச் சத்து ஊசியும் அதற்குத்தான். ஹீமோகுளோபின் 10-லிருந்து 11.5 வரை இருந்தால் போதும். மாற்று அறுவை சிகிச்சைக்குப் போகிற எண்ணம் இருந்தால் தேவையில்லாமல் ரத்தம் ஏற்றிக்கொள்ளாதீர்கள், அதனால் உடம்பில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் பின்னால் கிட்னி பொருந்துவதைச் சிரமமாக்கும்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நமக்கு இரட்டை அளவில், பெரும்பாலும் நாலு தவணை. பாதியில் விடாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரிப்போர்ட் கைவசம் இல்லாவிட்டால் வேறு எந்த ஊரிலும் மெஷினில் ஏற்றமாட்டார்கள்.

மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, நெஞ்செரிச்சல் டானிக், நாட்டு மருந்துப் பொடி மூன்றையும் நிறுத்துங்கள். சுகருக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிட்னி போன பிறகு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். பழைய அளவையே போட்டால் சுகர் திடீரென்று இறங்கிவிடும். இறங்கினால் ஆரஞ்சு ஜூஸ் தேடாதீர்கள், சர்க்கரையோ குளுக்கோஸோ போதும்.

படி 7: பணமும் காகிதமும்

இதில் எனக்குத் தொழில் ஞானம் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் டயாலிசிஸ் இதில் அடங்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் கேட்க 1800 425 3993. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறந்துவிடாதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்துக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டுக்கு வேலூர், சத்துவாச்சாரி. இன்னும் பழைய நினைப்பில் ஆம்பூரிலிருந்து சத்துவாச்சாரி வந்து திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் டயாலிசிஸ் உண்டு.

ரயிலில் டயாலிசிஸுக்குப் போகிறவருக்கும் கூட வருகிற ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து வையுங்கள். கடைக்காரன் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஒன்று எப்படியும் தொலையும்.

படி 8: வேலை, வீடு, வேறு வழி

டயாலிசிஸ் முடித்து வந்த அன்று உடம்பு பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். அன்று வேலை வைக்காதீர்கள். மறுநாள் தெம்பு வரும். கடையை வாரத்துக்கு நாலு நாளாகக் குறைத்தேன், மூடவில்லை. தினம் அரை மணி நேரம் நடக்கிறேன். கோபம் வரும், வீட்டில் இருப்பவர்கள் மேல்தான் வரும். தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

வயிற்று வழி டயாலிசிஸ் என்று ஒன்று இருக்கிறது. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்து, இரண்டு லிட்டர் திரவப் பையை நாளைக்கு மூன்று நாலு முறை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது. பேரணாம்பட்டு மலையோரத்தில், பஸ் சரியாக இல்லாத ஊர்களில் இருப்பவர்கள் இதைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கை சுத்தமும் தூசியில்லாத ஒரு மூலையும் வேண்டும். வெளியே வரும் திரவம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கினால் கிருமித் தொற்று, அன்றே அந்தப் பையோடு போக வேண்டும்.

மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி முதல் மாதத்திலேயே கேளுங்கள், ஐந்தாவது வருடத்தில் இல்லை. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் சட்டப்படி நெருங்கிய உறவு. யாருடையதும் பொருந்தாவிட்டால் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெற, மருத்துவமனை மூலம் மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் வரிசையில் பெயர் பதிய வேண்டும். "கிட்னி வாங்கித் தர்றோம்" என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டிக்கொள்ளும் புரோக்கர்களிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். 1994 சட்டப்படி வாங்குவதும் விற்பதும் குற்றம்.

எப்போது காத்திருக்கக் கூடாது

படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால்தான் முடிகிறது என்றால். கை கால் திடீரென்று கனத்துத் தூக்க முடியாமல் போனால், நாடி ரொம்ப மெதுவாகவோ தாறுமாறாகவோ அடித்தால், அது பொட்டாசியமாக இருக்கலாம். நெஞ்சு வலி. ஃபிஸ்டுலா ரத்தம் நிற்காமல் போனால். லைன் போட்டவருக்குக் குளிர்க் காய்ச்சல். 108-ஐக் கூப்பிடுங்கள். போனதும் "டயாலிசிஸ் பேஷன்ட், கடைசியா எப்ப பண்ணினது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், ஈ.சி.ஜி. உடனே எடுப்பார்கள், டிரிப்ஸைத் தொங்கவிடமாட்டார்கள்.

இதற்கென்று ஒரு துணிப்பை எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. காப்பீட்டு அட்டை, கடைசி ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, போர்வை, இருநூறு ரூபாய்ச் சில்லறை. மேலே ஒரு அட்டையில் ரத்த வகை, ட்ரை வெயிட், "இடது கையில் ஊசி போடாதீர்கள்" என்று பெரிய எழுத்தில். அந்த அட்டையை லேமினேஷன் செய்து வையுங்கள். என் கடையில் செய்துகொண்டால் டயாலிசிஸ்காரர்களுக்குக் காசில்லை.